எண்பத்து நான்கு தவணை

மூங்கில்துறைப்பட்டு
9.6.2025

தனுஷாவுக்கு அப்பா எழுதுவது.

ஒரு வாரமாக உனக்கு ஃபோன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள் ஒருத்தி. மலையில் சிக்னல் இல்லை என்பது எனக்கும் தெரியும். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நீ தினமும் சாயங்காலம் போவாய் என்பதும் தெரியும். அதனால்தான் கடிதம். மேல்தேக்கம்பட்டு கிளை அஞ்சலகத்துக்குப் போஸ்ட் மாஸ்டரே நீதான். உன் கையால் முத்திரை குத்தி உன் கையாலேயே பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பூ வைத்த அன்று நீ செய்தது சரியில்லை. சம்பந்தி கொளஞ்சியப்பன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பையன் ஆபீசுக்கு வெயில்ல பைக்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கான், ஒரு கார் மட்டும் போட்டுடுங்க" என்றார். நானும் "ஆவட்டுங்க" என்றேன். இதில் என்ன குற்றம் கண்டாய்? இலையில் சோறு இருக்கும்போதே எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பெண்ணுக்குத் தலைவலி என்று ஊருக்கு நான் சொன்ன பொய்யை உன் அம்மாகூட நம்பவில்லை. அன்றைக்கு வாயை மூடியவள் இன்னும் திறக்கவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சியில் கார் ஷோரூமுக்குப் போய் வந்தேன். எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் ஆகிறது. போன வெட்டில் வந்த கரும்புப் பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. மீதி ஏழு லட்சத்துக்குக் கடன். அங்கே ஜெயப்பிரகாஷ் என்று ஒரு பையன் கடன் வேலையைப் பார்க்கிறான். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். "பேங்க்ல ஒம்போதர வட்டிங்கய்யா, நம்மகிட்ட ஆறரதான்" என்றான். ஏழு வருஷம், எண்பத்து நான்கு தவணை, மாதம் பன்னிரண்டாயிரத்து நூற்று இருபத்தைந்து. டன்னுக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்றால் மாதம் மூன்றரை டன் கரும்புதான். நம் இரண்டரை ஏக்கருக்கு அது ஒரு கொசுக்கடி.

விவசாயிக்குச் சம்பளச் சீட்டு கிடையாதாம். ஆகவே கடன் உன் பேரில் இருக்கும், கட்டுவது நான். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், பான் கார்டு எல்லாம் நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆவணி முகூர்த்தத்துக்கு நாள் அதிகம் இல்லை.

செல்லமுத்து

* * *

மேல்தேக்கம்பட்டு
13.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முத்திரை குத்திவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். பிரித்ததிலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. நேற்று கணக்கு முடிக்கும்போது இருநூறு ரூபாய் இடித்தது. மூன்று முறை எண்ணினேன். கடைசியில் பணம் சரியாகத்தான் இருந்தது, நான்தான் சரியாக இல்லை.

அந்த ஜெயப்பிரகாஷ் ஆறரை என்றாரே, எதற்கு ஆறரை என்று கேட்டீர்களா? ஏழாவது வருஷத்தில் உங்கள் பாக்கி ஒன்றரை லட்சம்கூட இருக்காது. அப்போதும் முழு ஏழு லட்சத்துக்கும் ஆறரை போட்டு வாங்குவார்கள். பேங்கில் ஒன்பதரைதான், ஆனால் மீதி இருக்கும் கடனுக்கு மட்டும்தான் வட்டி. அதே ஏழு வருஷத்துக்குப் பேங்கில் மாதத் தவணை பதினோராயிரத்து நானூற்று நாற்பத்தொன்று. ஆறரைக்காரர் கேட்பது பன்னிரண்டாயிரத்து நூற்று இருபத்தைந்து. இப்போது சொல்லுங்கள், எது கம்மி வட்டி? ஏழு வருஷத்தில் அந்த டீ உங்களுக்கு ஐம்பத்தேழாயிரம் ரூபாய்.

கரும்புக் கணக்கும் தப்பு. வெட்டுக்கூலியை யார் கொடுப்பது? வெட்டுக்கூலி, வண்டி எல்லாம் போக டன்னுக்கு இரண்டாயிரத்து முந்நூறு நின்றால் பெரிது. அப்படியானால் வருஷத்துக்கு அறுபத்து மூன்று டன். அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர் கரும்பு முழுக்கக் காருக்கு. உரத்துக்கும் உழவுக்கும் வீட்டுச் சோற்றுக்கும் மிச்சம் முக்கால் ஏக்கர். ஏழு வருஷம். கொசு இப்படிக் கடிக்குமா அப்பா?

நான் குடியிருக்கும் வீட்டு இருசம்மாளிடம் இதைச் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கை அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாம்மா இது, பொண்ணையும் குடுத்து வண்டியும் குடுப்பாங்களா? எங்க மலையில பொண்ணு கேக்கறவங்கதான் பரியப் பணத்தத் தூக்கிக்கினு வரணும். உங்கப்பாவுக்கு நீ அவ்ளோ பாரமா?" என்றாள். நான் உங்களுக்குப் பாரமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று ஆகக்கூடாது. நீங்கள் பார்த்த மாப்பிள்ளை கலையரசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் தொல்லை. ஒருமுறை இங்கே வந்தார். அஞ்சலகத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான் பேசியதையெல்லாம் கேட்டார், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அப்படி ஒரு ஆண்பிள்ளையை நான் நம் சொந்தத்தில் பார்த்ததில்லை. கார் வேண்டாம் என்று சொன்னால் அவரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சம்பளச் சீட்டு அனுப்பவில்லை.

தனுஷா

* * *

மூங்கில்துறைப்பட்டு
19.6.2025

தனுஷாவுக்கு,

படிக்க வைத்தது என் தப்பு. நாலு எழுத்துப் படித்ததும் அப்பனுக்கே வாய்ப்பாடு சொல்கிறாய். கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு கால்குலேட்டரில் நீ சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பயல் ஜெயப்பிரகாஷுக்கு ஃபோன் போட்டுத் திட்டினேன். "எல்லாரும் இப்படித்தாங்கய்யா சொல்லுவாங்க" என்று சிரிக்கிறான்.

நீ பாரமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பாரமாக இருந்தால் இரண்டு பவுனோடு தள்ளிவிட்டிருப்பேனே, இவ்வளவு அலைவேனா? அரசாங்க வேலை மாப்பிள்ளை. நாளைக்கு உன்னை அங்கே யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. அதற்குத்தான்.

நீ சொன்னபடி பேங்குக்குப் போனேன். சர்க்கரை ஆலைச் சீட்டு, சிட்டா அடங்கல் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் ஒரு அம்மா, நல்ல மாதிரி. "டிராக்டர்னா கரும்பு வெட்டு சமயத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டலாங்கய்யா, கார்னா மாசாமாசம் கட்டணும்" என்றார். ஆலைப் பணம் வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிறது, அதுவும் இந்தத் தேதி என்று இல்லை. மாதா மாதம் ஐந்தாம் தேதி நான் எங்கே போவேன்? ஆகவே உன் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள், வெட்டு முடிந்ததும் நான் உனக்குக் கொடுத்துவிடுவேன். ஐந்து வருஷமாகக் குறைத்தால் வட்டியில் எழுபத்தொன்பதாயிரம் மிச்சம் என்கிறார். ஆனால் மாதம் பதினாலாயிரத்து எழுநூறு வரும். உனக்குப் பதினெட்டாயிரம்தான் சம்பளம். ஏழே இருக்கட்டுமா?

இதற்குள் இன்னொரு சங்கடம். ஆர்.சி. புக் பையன் பேரில்தான் இருக்க வேண்டும் என்று சம்பந்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். யார் பேரில் கடனோ அவர் பேரில்தான் வண்டி பதிவாகும், கடன் முடியாமல் பேர் மாற்ற முடியாது என்கிறார் மேனேஜர் அம்மா. அங்கே போனால் ஒன்று சொல்கிறார்கள், இங்கே வந்தால் ஒன்று சொல்கிறார்கள். எனக்கு இராத்திரி பகல் தெரியவில்லை. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன் காரைச் சேர்க்க மறந்துவிட்டான்.

புக்கிங்குக்கு இருபத்தைந்தாயிரம் கட்டிவிட்டேன். திட்டாதே. வெள்ளை நிறம் தீர்ந்துபோகும் என்றார்கள்.

செல்லமுத்து

* * *

மேல்தேக்கம்பட்டு
24.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளை நிறம் தீர்ந்துபோகுமா! சுண்ணாம்பா அது, தீர்ந்துபோக?

திட்டவில்லை. திட்டத் தெம்பு இல்லை. மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இப்போதுதான் ஒரு வழி தோன்றியது. மேனேஜர் சொன்னதில்தான் வழி இருக்கிறது. கடன் யார் பேரிலோ வண்டி அவர் பேரில். அவர்களுக்கு வண்டி கலையரசன் பேரில் வேண்டும். அப்படியானால் கடனும் கலையரசன் பேரிலேயே இருக்கட்டும். அரசு ஊழியர் என்பதால் வட்டி கால் சதவீதம் குறையும். முன்பணம் நீங்கள் கொடுங்கள். தவணைப் பணத்தை நானும் நீங்களும் சேர்ந்து மாதா மாதம் அவர் கணக்கில் போட்டுவிடுகிறோம். ஒரு மாதமும் தவறாது, என் சம்பளம் இருக்கிறது. அவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. ஒரு கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டால் இனி இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தலைகுனிந்து மணவறையில் உட்காருகிறேன். எண்பத்து நான்கு மாதமும் கட்டுகிறேன்.

அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதையும் எழுதிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

அம்மா பேசினாளா? சாப்பிடுகிறாளா?

தனுஷா

* * *

மூங்கில்துறைப்பட்டு
30.6.2025

தனுஷாவுக்கு,

போய் வந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் கடத்திவிட்டேன்.

கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீட்டில் காபி கொடுத்தார்கள். மெதுவாகப் பேச்சை எடுத்தேன். கொளஞ்சியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "கடன் எங்க பையன் பேர்லயா? நல்லா இருக்குதுங்க ஞாயம். நாளைக்கு அவன் வூடு கட்ட லோன் போடணும். இதுல பேரு மாட்டிக்கினா அது கெடைக்குமா? நீங்க ரெண்டு மாசம் கட்டலன்னா பேங்க்காரன் எங்க வூட்டு வாசல்ல இல்ல வந்து நிப்பான்?" என்றார். தவறமாட்டேன் என்றேன். "எல்லாரும் கடன் வாங்கறப்ப அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றார்.

மாப்பிள்ளை பக்கத்தில்தான் இருந்தார். கையில் ஃபோன். நான் அவர் முகத்தையே பார்த்தேன். நீ எழுதியது சரிதான், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து கிளம்பும்போது மட்டும் "பஸ்ஸுக்கு நேரம் இருக்குதுங்களா மாமா" என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்தது. காகிதத்தில்கூட அவர்கள் சுமக்கமாட்டேன் என்கிற கடனை நாம் சுமக்க வேண்டும். கேட்கவே கசப்பாக இருக்கிறது. இருந்தாலும் என்ன செய்வது? வெற்றிலை மாற்றியாகிவிட்டது. இனி நின்றுபோனால் நின்றுபோன கல்யாணத்துப் பெண் என்று உன்னைத்தான் சொல்வார்கள், காரை யாரும் சொல்லமாட்டார்கள்.

உன் பேரும் வேண்டாம், அவர் பேரும் வேண்டாம். ஒரு தனியார் பைனான்ஸில் பேசிவிட்டேன். நிலப் பத்திரத்தை வைத்தால் ஏழு லட்சம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கொண்டுபோய் முழுப் பணமும் கட்டிவிட்டால் வண்டி நேராக மாப்பிள்ளை பேருக்கே பதிவாகிவிடும். ஒரு சிக்கலும் இல்லை. வட்டி மட்டும் பதினெட்டு. வெட்டு முடிந்ததும் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள், அதுதான் எனக்கு ஆறுதல். வெள்ளிக்கிழமை போகிறேன்.

பட்டுப்புடவை எடுக்க ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா.

செல்லமுத்து

* * *

மேல்தேக்கம்பட்டு
3.7.2025

அப்பா,

பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலைப் பையில் வந்தது. உடனே பாறைக்கு ஓடி உங்களுக்கு ஐந்து முறை ஃபோன் போட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. இப்போது உங்கள் முறை போலிருக்கிறது. இதைத் தபால் பையில் போட்டால் சனிக்கிழமை ஆகிவிடும். முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், கள்ளக்குறிச்சியில் நம்மூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

பதினெட்டு வட்டியில் வருஷத்துக்கு வட்டி மட்டும் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். ஒன்றரை ஏக்கர் கரும்பு வட்டிக்கே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். அது கடனில்லை அப்பா, நிலத்தை விற்பதற்கு அவர்கள் போடும் முன்பணம்.

உங்களுக்குக் கிடைக்காததால் அவருக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கப்பாவால ஒரு மாசம் கட்ட முடியலன்னா, அந்த ஒரு மாசத்த நீங்க கட்டுவீங்களா?" என்று கேட்டேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது. பிறகு, "அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றார்.

இருட்டும்வரை பாறையிலேயே நின்றேன். இன்று விடியற்காலையிலும் போய் நின்றேன். ஃபோன் வரவில்லை. அமைதியானவர் என்று நினைத்திருந்தேன். அழுதேன், பொய் சொல்லமாட்டேன். இருசம்மாள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். முடிவு என்னுடையது, யார் கேட்டாலும் என்னையே சொல்லுங்கள். நின்றுபோன கல்யாணத்துப் பெண் என்று சொல்லட்டும். உங்களுக்கு நிலம் இருக்கும்.

தனுஷா

* * *

மூங்கில்துறைப்பட்டு
7.7.2025

என் மகள் தனுஷாவுக்கு,

பத்திரம் வீட்டில்தான் இருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள். கல்யாணமும் நின்றது. நேற்று கச்சிராயபாளையம் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். ஷோரூமில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு இருபதைத் திருப்பித் தருகிறார்களாம்.

உன் கடிதத்தைப் படித்துத்தான் இப்படிச் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையிலேயே கைக்கு வந்துவிட்டது. படித்தேன். சின்னப்பெண், கோபத்தில் எழுதுகிறாள், கழுத்தில் மாலை ஏறினால் சரியாகிவிடும் என்று மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைனான்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். உன் ஃபோனையும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அங்கே எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். பத்திரத்தில் உன் அம்மா பேரும் இருப்பதால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தைக் கொடுத்தனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் பேனாவை நீட்டினேன். ஒரு மாதமாகப் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள். இருபத்தேழு வருஷத்தில் என்னை ஒருமையில் பேசாதவள்.

"நீ கேட்ட டிவிஎஸ்ஸ வாங்கறதுக்கு எங்கப்பா அரை ஏக்கரப் போக்கியத்துக்கு வுட்டாரு. சாவற வரிக்கும் திருப்ப முடியல. அந்த நெலத்துலயே கூலிக்கு மம்பட்டி புடிச்சாரு. அந்த வண்டியில என்ன ஒக்கார வெச்சிக்கினு அந்த நெலத்தோரமாவே போய்க்கினு வந்துக்கினு இருந்தியே, ஒருநாளாச்சும் கேட்டியா, இது இன்னா காசுல வந்துச்சுன்னு?"

பேனாவை அங்கேயே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போகும்போது அவரைக் கிழிகிழி என்று கிழிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். போய் நின்றதும், "எங்களுக்குத் தோதுப்படலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒருநாள்கூட நான் கேட்கவில்லை தனுஷா. வண்டி வந்தது, ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உன் அம்மாவின் அப்பாவை அந்த வயலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாமனார் தன் நிலத்தில் வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மரியாதைக்கு ஒரு ஹாரன் அடிப்பேன். அவரும் மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பார்த்துப் போங்க மாப்பிள்ளை என்று கையை உயர்த்துவார்.

அப்பா